பொங்கலுக்கு நீலகிரியில் பறவை பார்க்க ஐந்து நாள்: இந்தத் திட்டம் சரிவருமா?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மூன்று வருடமாகப் பறவை பார்க்கிறேன். பெருமாள் ஏரி, ஊசுட்டேரி, வருடத்துக்கு ஒரு தடவை கழுவேலி, இவ்வளவுதான் இதுவரை போன இடங்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, ஊசிவால் வாத்து, உள்ளான்கள் என்று தண்ணீர்ப் பறவைகள் ஓரளவு பழகிவிட்டன. மலைக்காட்டுப் பறவை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

பொங்கல் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், என் அம்மா. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார்கள். மகளுக்கு வரையாடு பார்க்கவேண்டும். வீட்டுச் சுவரில் படம் வரைந்து ஒட்டிவைத்திருக்கிறாள்.

கைடோடு கூட்டிப்போகும் ஒருவரிடம் பேசினேன். அவர் அனுப்பிய திட்டம் இது. முதல் நாள் கோத்தகிரி லாங்வுட் சோலை, மாலையில் குன்னூர். இரண்டாம் நாள் தொட்டபெட்டா, ஊட்டி, அவலாஞ்சி. மூன்றாம் நாள் காலை முக்கூர்த்தி, மாலை முதுமலை சஃபாரி. நான்காம் நாள் வால்பாறை. ஐந்தாம் நாள் டாப்ஸ்லிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது. மேற்கு மலைக்கே உரிய ஓரிடவாழ் பறவைகளில் பன்னிரண்டு கேரண்டி என்கிறார்.

பணம் கட்டும் முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கத் தோன்றியது. கைடு உண்மையிலேயே வேண்டுமா, அல்லது நானே செயலியில் குரலைப் பதிவுசெய்து கண்டுபிடித்துக்கொள்ள முடியுமா? குளிர் எப்படி இருக்கும்? ஒரு பெரிய லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாமா?

பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி)

தம்பி, உங்கள் திட்டத்தைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு 61 வயது. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாகூர் ஏரியில் பறவை பார்த்துப் பழகி, நீலகிரிக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு மாதிரி அமைந்ததால் உங்களுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் வால்பாறையையும் டாப்ஸ்லிப்பையும் அடித்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து வால்பாறை போக வேண்டுமானால் மலையை விட்டு முழுக்க இறங்கி, பொள்ளாச்சி, ஆழியாறு தாண்டி, திரும்பவும் 40 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். பறவை பார்க்க வேண்டிய காலை நேரம் அத்தனையும் வண்டிக்குள் போய்விடும். முதுமலையும் இப்போது வேண்டாம். அது கீழே, காய்ந்த காடு, அங்கே இருப்பது வேறு பறவைகள். முக்கூர்த்தி தேசியப் பூங்கா, டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைகிற இடம் இல்லை. வனத்துறை அனுமதி தரவேண்டும். உங்களிடம் பேசியவர் கையில் எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். கோத்தகிரியில் மூன்று இரவு, ஊட்டிப் பக்கம் ஒரு இரவு. ஐந்து நாளுக்கு இது போதும், அம்மாவின் முழங்காலும் தாங்கும்.

அடுத்து அந்தக் கேரண்டி. அதைப் படித்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

என் முதல் பயணம் ஒரு மார்ச் மாதத்தில். பதினான்கு பேர் கொண்ட குழு. யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். கூட வந்த கைடு கையில் சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தார். ஒவ்வோர் இடத்திலும் இறங்கியதும் பறவையின் குரலைப் போடுவார். தன் எல்லைக்குள் வேறு ஒன்று வந்துவிட்டது என்று நினைத்து உண்மையான பறவை வெளியே வரும், எல்லோரும் படம் எடுப்பார்கள், அடுத்த இடம். அன்று ஒரு நீலகிரிச் சிரிப்பான் வந்தது. வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. அழகாக இருக்கிறது என்று பைனாகுலரைத் தூக்கினேன். அதன் அலகில் ஒரு பச்சைப் புழு தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுக்கு எடுத்துப்போகிற இரை. அதை விழுங்காமலும் கூட்டுக்குக் கொண்டுபோகாமலும் கிளைக்குக் கிளை தாவியபடி ஸ்பீக்கரையே சுற்றிச் சுற்றி வந்தது. திரும்பத் திரும்பக் குரல் போட்டார்கள். நான் எண்ணினேன், பதினோரு தடவை. நிறுத்தச் சொன்னேன். “இன்னும் இரண்டு பேர் படம் எடுக்கலைங்க மேடம்” என்றார். அந்தப் புழுவை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. நீலகிரியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத, அழியும் நிலையில் உள்ள பறவை அது.

காட்டில் யாராலும் கேரண்டி கொடுக்க முடியாது. கொடுத்தால் அதைக் காப்பாற்ற ஸ்பீக்கரைத்தான் எடுக்கவேண்டி வரும். அதனால் பேசும்போதே, “நீங்கள் குரல் போட்டுக் கூப்பிடுவீர்களா?” என்று கேளுங்கள். “கூப்பிடமாட்டேன்” என்பவரோடு போங்கள்.

இரண்டாவது முறை போனது போன ஜனவரியில். நான், என் தங்கை, பக்கத்து வீட்டு டீச்சர், மூன்றே பேர். கைடு கோத்தகிரிப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலிருந்து அந்தக் காட்டு ஓரத்திலேயே வளர்ந்தவர். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் படுகு மொழியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “அந்தப் பக்கம் காலையில் கரடி நடந்திருக்கு, நாம இந்தப் பக்கம் போவோம்” என்பார். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். செயலி குரலை வைத்துப் பெயர் சொல்லும். கரடி எந்தப் பக்கம் போனது என்று சொல்லாது.

நம் ஏரியில் பறவை வெட்டவெளியில் நிற்கும். கரையில் உட்கார்ந்தால் நாமக்கோழியும் நாரையும் நாள் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். சோலைக்குள், அதாவது மலைமேல் உள்ள அடர்ந்த பசுமைக்காட்டுக்குள், அந்தக் கதை நடக்காது. மரங்கள் அதிக உயரம் இல்லை, ஆனால் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, மேலிருந்து பார்த்தால் காலிஃபிளவரை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். உள்ளே எட்டு மணிக்கும் விடியற்காலை வெளிச்சம்தான். கிளையெல்லாம் பாசி, தரையெல்லாம் ஈரச் சருகு. முதலில் வருவது குரல். எந்தக் குரல் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் கழுத்து வலிதான் மிச்சம்.

லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். கோத்தகிரி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அந்தச் சின்னக் காடு. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். நம் கழுவேலி அதே வருடம் ஆகஸ்டில் சேர்ந்தது, அதனால் எனக்கு அதன்மேல் ஒரு சொந்தம் மாதிரி. அங்கேயும் அனுமதி வாங்கித்தான் உள்ளே போகவேண்டும், கைடே ஏற்பாடு செய்தார்.

முதல் நாள் காலை ஒரு சின்ன ஓடைக்கரையில் எங்களை நிறுத்தினார். “இங்கேயே நிப்போம்மா. பேச வேண்டாம், கையைக்கூட ஆட்ட வேண்டாம்.” பத்து நிமிடம் எதுவும் இல்லை. தங்கைக்குப் பொறுமை போய், அடுத்த இடம் போகலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இருபது நிமிடம் கழித்து எங்களுக்கு இரண்டு முழ தூரத்தில் ஒரு பெரணி இலை அசைந்தது. அதன் தண்டில் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சிறிதாக ஒரு பறவை. உடம்பு முழுக்கப் பழுத்த ஆரஞ்சு நிறம், தலையும் இறக்கையும் கரி. கருப்பு-ஆரஞ்சு ஈபிடிப்பான். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து, சட்டென்று கீழே இறங்கி எதையோ எடுத்துக்கொண்டு, அதே தண்டுக்குத் திரும்பி வந்தது. பைனாகுலர் வேண்டியிருக்கவில்லை. அது இறங்கும்போது சருகில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதைக்கூடக் கேட்டோம்.

அப்புறம்தான் சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் கிளி இல்லை. சிட்டுக்குருவி அளவு, கால் கொஞ்சம் நீளம். மேலே இருண்ட நீலம், விலாப்பக்கம் செம்பழுப்பு, நடு வயிறு வெள்ளை. ஓடையின் அந்தப் பக்கம் வேர்களுக்கு நடுவே நடந்து வந்து, இலையை அலகால் புரட்டி, நின்று, நின்று, போனது. முக்கால் மணி நேரம் நின்றதற்கு அரை நிமிடம் காட்சி. இதற்கும் இதன் தெற்குப் பக்கத்து உறவுகளுக்கும் ஷோலிகோலா என்ற புதுப் பேரினத்தை 2017-ல் தான் வைத்தார்கள், அந்தப் பெயருக்குள்ளேயே நம் சோலை இருக்கிறது என்று கைடு காதருகே சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருப்பவை வேறு இனங்கள். இந்தச் சின்ன இறக்கையை வைத்துக்கொண்டு அவ்வளவு அகலமான தாழ்நிலத்தைத் தாண்ட முடியாமல் மலைக்கு மலை தனித்தனியாகப் பிரிந்துபோய்விட்டன.

அவர் எங்களை ஒரே இடத்தில் நிற்க வைத்தார். நான் கூலி கொடுத்தது அதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு நாளைக்கு 2,500 ரூபாய், மூன்று பேருக்கும் சேர்த்து. இப்போது கூடியிருக்கலாம்.

மேல்மட்டம், அதாவது ஊட்டியைச் சுற்றிய பீடபூமி, முற்றிலும் வேறு உலகம். 2,000 மீட்டருக்கு மேலே புல்வெளி உருண்டு உருண்டு போகும், பள்ளங்களில் மட்டும் சோலை. அவலாஞ்சியில் தனியாக நடக்க விடமாட்டார்கள், வனத்துறை வண்டியில்தான் கூட்டிப்போவார்கள். அந்தப் பக்கத்துப் புல்வெளியில்தான் நீலகிரி நெட்டைக்காலியைப் பார்த்தோம். பார்க்க நம் வரப்பில் ஓடும் நெட்டைக்காலி மாதிரிதான், மார்பில் கோடு அதிகம். புல்வெளி இருந்தால்தான் அதற்கு வாழ்க்கை. அந்தப் புல்வெளியைத்தான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் பைனும் நட்டு மூடிவிட்டார்கள். நாம் தைலமரம் என்கிறோமே, அதுதான் அங்கே கற்பூர மரம். ஊட்டி போகிறவர்கள் அந்தப் பைன் மரத்துக்கு நடுவே நின்று படம் எடுக்கிறார்கள். நெட்டைக்காலி இருந்த இடம் அது என்று உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

காட்டுமாடு விஷயம் ஒன்று. மூன்றாம் நாள் மாலை தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நான்கு மாடுகள், ஒன்று கன்று. நாங்கள் படம் எடுக்க முன்னால் போனோம். கைடு என் பையைப் பிடித்து நிறுத்தி, எங்களைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பக்கம் திருப்பிக் கூட்டிப்போய், அவை பாதையை விட்டு இறங்கும்வரை இருபது நிமிடம் திண்ணையில் உட்காரவைத்தார். அந்த வீட்டுப் பெண்மணி சர்க்கரை போடாத தேநீரும் ஒரு வெல்லக் கட்டியும் கொடுத்தார்கள்.

ஓரிடவாழ் பறவை எனக்கு ஒன்பது கிடைத்தது. நீலகிரி காட்டுப்புறாவின் குரல் மட்டும்தான் கேட்டது. அதற்காகவே மறுபடி போவேன்.

முந்திரிக்காடு (பண்ருட்டி)

அக்கா எழுதியதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. லென்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன் அண்ணா. 600 மில்லிமீட்டர் லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, சோலைக்குள் வெளிச்சம் இல்லை, எடுத்த படத்தில் பாதி மங்கல். அதைத் தூக்குவதிலும் சரிசெய்வதிலும் பறவையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக்கொடுங்கள். எட்டுக்கு நாற்பத்திரண்டு போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு முன் கண்ணாடியின் அகலம். பத்துக்கு நாற்பத்திரண்டு வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், சோலைக்குள் இருட்டாகவும் இருக்கும்.

ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காஷ்மீர் ஈபிடிப்பான் இருக்கிறதா என்று கைடிடம் கேட்டுப் பாருங்கள். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நீலகிரிக்கும் இலங்கைக்கும் வருகிறது. தொண்டையும் மார்பும் சிவந்து, ஓரத்தில் கருப்புக் கரை கட்டியிருக்கும்.

நிழலில் பறவை பார்க்கும் பழக்கத்துக்கு மலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். அக்டோபர், நவம்பரில் ஆறுமணிக்குருவி நம் கடற்கரைப் பக்கம் வந்து இறங்கும். எங்கள் முந்திரித் தோப்பில் சருகைப் புரட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சத்தம் போடாமல் பார்க்கத் தெரிந்துவிட்டால் சோலைக்கிளிக்குத் தயார்.

வில்லியனூர் வண்டி (புதுச்சேரி)

வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அங்கிருந்து குன்னூர் சாலையில் போகாமல் கோத்தகிரி சாலையில் திரும்புங்கள். இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய் அப்படியே மலை ஏறாதீர்கள் சார். மேட்டுப்பாளையத்தில் தூங்கிவிட்டு விடிந்ததும் ஏறுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்.

சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கிறது, இணையத்தில் எடுக்கலாம். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் கூடாது, செக்போஸ்ட்டில் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் நான்கு நாளும் மேலே வண்டி நகராது. முடிந்தால் அதற்கு அடுத்த வாரம் போங்கள்.

கெடிலக்கரை (கடலூர்)

அக்காவுக்கும் தம்பிக்கும் வில்லியனூர்க்காரருக்கும் மிக்க நன்றி. நேற்று அந்த ஆளிடம் ஸ்பீக்கர் பற்றிக் கேட்டேன். “எல்லோரும் போடுவதுதான் சார்” என்றார். முன்பணம் கட்டவில்லை. அக்கா, உங்களைக் கூட்டிப்போனவரின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? மகளுக்குப் பள்ளியில் விடுப்புக் கேட்டுப் பொங்கலுக்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்கிறோம். வால்பாறையை நீக்கியதும் அவளுக்கு ஒரே கவலை, வரையாட்டைப் பார்க்க முடியாதா என்று. மற்றபடி குளிருக்கு என்ன எடுத்துக்கொள்வது?

பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி)

அவரிடம் கேட்டுவிட்டு எண் அனுப்புகிறேன் தம்பி.

குளிருக்கு ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லியது மேல். ஆறு மணிக்கு நடுங்கும், பத்து மணிக்கு வெயில் சுடும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஏறுகிறீர்கள், அம்மாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஊட்டியில் தங்கும் நாளில் தலைகுந்தா பக்கம் விடியற்காலை புல்மேல் உறைபனி வெள்ளையாக இருக்கும். மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை உடை சோலைக்கு வேண்டாம்.

வரையாட்டுக்கு நீலகிரியில் உறுதி சொல்ல முடியாது, அவை முக்கூர்த்தியின் மேற்கு ஓரத்துப் பாறைச் சரிவுகளில்தான் அதிகம். மகளுக்காக அடுத்த பயணத்தைத் தனியாக வையுங்கள். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் பேருந்திலேயே மேலே கொண்டுபோய் விடுகிறார்கள், சாலை ஓரத்திலேயே மேயும், அம்மாவும் பார்க்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் போகாதீர்கள், குட்டி போடும் காலம், பூங்காவை மூடிவிடுவார்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் சாலையிலும் தடுப்புச் சுவர்மேல் வந்து நிற்கும், அங்கே வண்டியை விட்டு இறங்கிக் கொறிக்க எதுவும் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைக்கு இப்போதே சொல்லிவையுங்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதிலும் சேர்த்து 1,031 வரையாடுகள். அவள் படத்துக்குக் கீழே அந்த எண்ணை எழுதட்டும்.

இன்னொன்று. கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் பாகூருக்கு வாருங்கள். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் இருப்பேன். கலங்கல் பக்கத்து நாணலில் ஒரு குருகு ஒளிந்து நிற்கும், மகள் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கே நிற்கட்டும். சிற்றுண்டி என் வீட்டில்.